ஏஐ கிளாஸ்ல முதல்ல பட்டன காட்டாதீங்க

கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஏஐ சொல்லித் தரணும்னா நெறைய பேர் என்ன பண்றாங்கன்னா, ஆப்ப இன்ஸ்டால் பண்ண வச்சு "இங்க கேள்விய டைப் பண்ணுங்க, பதில் வந்துச்சா, அவ்ளோதான்"னு முடிச்சுடறாங்க. பட்டன் எங்க இருக்குன்னு படிக்க வர்றவங்களே நோண்டி கண்டுபிடிச்சுக்குவாங்க, அடுத்த அப்டேட்ல அதுவும் எடம் மாறிடும். உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிக் குடுங்க, அதுக்கு போர்டும் சாக்பீஸும் போதும்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, காயப்போட்ட துணிய..."ன்னு எழுதி நிறுத்துங்க. கிளாஸே ஒண்ணா "எடு"ன்னு கத்தும். அடுத்து "மழை வர்ற மாதிரி இருக்கு, அவன்..." இப்ப ஒருத்தர் கிளம்பிட்டான்ம்பாரு, ஒருத்தர் குடைய தேடுனான்ம்பாரு, பின் பெஞ்சு பையன் வேணும்னே தூங்கிட்டான்ம்பான். ஒவ்வொண்ணுக்கும் எத்தன கை தூக்குதுன்னு பக்கத்துல எழுதுங்க. சாட்ஜிபிடி மாதிரி ஒரு மொழி மாடல் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி உள்ளுக்குள்ள போடற பட்டியல் கிட்டத்தட்ட இதான். மலை மலையா எழுத்த படிச்சு பழகுனதால, இதுவரைக்கும் வந்ததுக்கு அப்புறம் எது வர எவ்ளோ வாய்ப்புன்னு கணக்கு போட்டு ஒண்ண எடுக்கும், அதையும் சேத்துக்கிட்டு அடுத்தத கணிக்கும், இப்படியே போகும். எப்பவும் முதல் எடத்துல இருக்கறதையே எடுக்காது, சீட்டு குலுக்கிப் போடற மாதிரி, கை அதிகம் தூக்குனதுக்கு சீட்டு அதிகம், அவ்ளோதான். ஒரே கேள்விய ரெண்டு பேர் கேட்டா பதில் வேற வேறயா வர்றது இதனாலதான்.

வெளையாட்டு ஒண்ணும் புதுசில்ல, கிளாட் ஷானன்ங்கற அமெரிக்க கணித அறிஞர் 1951ல வெளியிட்ட ஆய்வுலயே இங்கிலீஷ் வாக்கியத்துல அடுத்த எழுத்து என்னன்னு மனுஷங்கள கணிக்க வச்சு பாத்திருக்காரு.

இப்ப போர்டுல இருக்கற பட்டியல திரும்ப பாக்கச் சொல்லுங்க. அதுல உண்மையா பொய்யான்னு ஒரு கட்டம் இருக்கா? இல்ல. 2023ல நியூயார்க் கோர்ட்டுல ரெண்டு வக்கீல் மாட்டுனதும் இப்படித்தான், சாட்ஜிபிடி சொன்ன பழைய தீர்ப்புங்கள அப்படியே மனுவுல போட்டாங்க, அப்படி ஒரு கேஸே நடக்கல, 5,000 டாலர் அபராதம். இதுல எனக்கு முக்கியமா படறது வேற: அதுல ஒருத்தர் "இந்த கேஸ் நிஜமா"ன்னு அதுகிட்டயே திரும்ப கேட்டிருக்காரு, அதுவும் ஆமான்னுடுச்சு. ரெண்டாவது பதிலும் அதே கணிப்புல இருந்துதானே வருது!

எழுத்து எண்ணச் சொன்னா சில நேரம் சொதப்பும் பாருங்க, அதுக்கு காரணம் வேற. "அம்மா" நமக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுத்து வச்சிருக்கற யூனிகோட் முறையில அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு. மாடல் பாக்கறது எழுத்தையே இல்ல, டோக்கன்னு சொல்ற துண்டுகள, அதுவும் தமிழ்ல இங்கிலீஷ விட பொதுவா அதிக துண்டா ஒடையும்.

அப்புறம் அவங்கவங்களுக்கு தலகீழா தெரிஞ்ச ஒரு விஷயத்த கேக்க வைங்க, தையல் தெரிஞ்சவங்க தையல் பத்தி, வண்டி ரிப்பேர் பாக்கறவங்க இன்ஜின் பத்தி. பாதி நல்லாத்தான் சொல்லும், நடுவுல அதே தோரணையில ஒரு தப்ப சொருகியிருந்தா "ஏங்க இது தப்புங்க"ன்னு அவங்களே சொல்வாங்க. நாம நூறு தடவ "எல்லாத்தையும் நம்பாதீங்க"ன்னு சொல்றத விட அந்த ஒரு தப்பு நல்லா மனசுல நிக்கும். பாஸ்வேர்டு, ஓடிபி, டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் அதுல போடாதீங்கன்னும் அப்படியே சொல்லிடுங்க.

"இப்ப நெட்ல தேடி லிங்க்கோட குடுக்குதே சார்"னு யாராவது கேப்பாங்க. நியாயமான கேள்வி, தேடிட்டு சொன்னா தப்பு கொறையும், ஆனா படிச்சத வாக்கியமா கோக்கறது பழைய கணிப்பு மெஷின்தான். அந்த லிங்க்க தொறந்து, அது சொன்ன வரி உள்ள நெஜமாவே இருக்கான்னு ஒவ்வொருத்தரையும் தேட வைங்க. இதுக்கே ஒரு கிளாஸ் முழுசா போயிடும், போகட்டும்.