மண் மடிப்பா, சேற்றுமடலா?

‘சந்தைக்குப் பிந்தைய மண் மடிப்புகளை நிறுவுதல்.’ கார் உதிரிப் பாகம் விற்கும் இணையக் கடைகளில் இந்தத் தொடரையோ இதன் உறவுக்காரத் தொடர்களையோ பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆங்கிலத்தைக் கணினி மொழிபெயர்த்ததால் வந்தவை இவை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது. ஆனால் செங்கோட்டையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் இதை வாசித்துக் காட்டினாலும், என்ன சாமான் வேண்டும் என்று ஒருவருக்கும் விளங்காது. சொல்லப்படும் பொருளோ, அந்த ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் மட்பிளாப்.

சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுதான் மட்பிளாப். உருளும் டயர் சாலையில் இருப்பதை அள்ளிப் பின்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் எறிகிறது. அதை வாங்கிக் கீழே விழவைப்பது இதன் வேலை. இதனால் கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் பெயராது. பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடியும் தப்பும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரத் தொடங்கியதும், தேசிய நெடுஞ்சாலை 744-இல் புளியரை ஏறிக் கோட்டைவாசல் தாண்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். முன்னால் போகும் லாரிக்கு மட்பிளாப் கிழிந்திருந்தால், வைப்பர் ஓடி ஓடியே பிளேடு தேயும்.

ஆங்கிலத்தில் ‘மட்’ என்றால் சேறு. ‘பிளாப்’ தட்டையான ஒன்று படபடவென அடிக்கும் ஓசையிலிருந்து பிறந்த சொல். பிறகு, ஒரு விளிம்பு பிடித்திருக்க மறுவிளிம்பு ஆடும் எதற்கும் அது பெயராயிற்று: கடித உறையின் வாய், கூடாரத்தின் வாசல்துணி, விமான இறக்கையின் பின்விளிம்பு. வேர் விவரம் இவ்வளவு போதும். சிக்கல் இதற்கு மேல்தான் தொடங்குகிறது.

முதலில் ‘மண்’. மட் என்ற சொல்லுக்கு மண் என்று பொருள் கொள்ளும் இடங்கள் உண்டு. மண் சுவர், மண் வீடு என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் மட் என்ற சொல்தான் வரும். அங்கே நனைத்துக் குழைத்த மண் காய்ந்து இறுகிவிட்டது. அதனால் நமக்கு அது மண். டயர் எறிவது அதுவல்ல. நனைந்து இளகியது, ஒட்டுவது, தெறிப்பது. அதற்குத் தமிழில் சேறு, சகதி என்று தனிப்பெயர்கள் இருக்கின்றன. நடவுக்கு முன் தண்ணீர் கட்டி உழுத வயலின் கூழ்ச்சேற்றுக்குத் தெற்கே தொளி என்றே ஒரு சொல் இருக்கிறது. மண்ணின் ஈரத்தை இத்தனை படியாகப் பிரித்துப் பெயர் வைத்த மொழியில், எல்லாவற்றையும் ‘மண்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது பெரும் அநியாயம்.

அடுத்தது ‘மடிப்பு’. இதுதான் என்னை மிகவும் உறுத்துவது. மடித்தால் வருவது மடிப்பு. வேட்டியில் மடிப்பு உண்டு, சேலைக் கொசுவத்தில் உண்டு, வயிற்றில்கூட உண்டு. மட்பிளாப்பில் எதுவும் மடிக்கப்படவில்லை. அது ஒரே பலகைபோலத் தொங்குகிறது; மடிந்துவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். கெட்டுப்போன நிலையின் பெயரை நல்ல பொருளுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஒரு விளிம்பு பிடித்திருக்க, மற்றது விரிந்தோ தொங்கியோ ஆடும் தட்டையான உறுப்புக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் மடல். காது மடல், தாழை மடல், வாழைப்பூவின் மடல், பனை மடல். காதல் கைகூடாத தலைவன் பனை மடலால் செய்த குதிரையில் ஏறுவதாகச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன; குறளில் நாணுத்துறவுரைத்தல் அதிகாரம் பெரும்பாலும் அந்த மடலேற்றத்தைச் சுற்றியே நடக்கிறது. இவ்வளவு பழைய சொல் இன்றைக்கும் குழந்தையின் காதைத் தொடும் தாயின் வாயில் புழங்குகிறது. ரப்பர் துண்டுக்கு அதை வைக்க என்ன தயக்கம்?

மடல் என்றால் கடிதம் என்று நினைத்துக்கொள்வார்களே என்று ஒரு மறுப்பு வரும். ஓலையில் எழுதிய காலத்தில் ஓலையின் பெயர் கடிதத்துக்கு ஏறியது. அதனால் பழைய பொருள் அழிந்துவிடவில்லை. காது மடல் என்று கேட்டு யாரும் காதுக்கு வந்த கடிதம் என்று எண்ணுவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைச் சொல்லிவிடும்.

ஆகவே சேறு, மடல் இரண்டும் சேர்ந்து சேற்றுமடல். இதை ‘சேறு மடல்’ என்று பிரித்தும் றகரம் இரட்டிக்காமலும் எழுதுகிறார்கள். சோற்றுப் பானையைச் சோறு பானை என்றும் ஆற்று மணலை ஆறு மணல் என்றும் நாம் சொல்வதில்லை. பேச்சிலேயே தானாக விழுகிற புணர்ச்சி எழுதும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது? கணினி மொழிபெயர்த்ததை ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால்கூடக் காது காட்டிக்கொடுத்திருக்கும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘சேற்றுக்காப்பு’ என்றும் ‘சேற்றுத் தடுப்பான்’ என்றும் எழுதுகிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். சொற்களை ஏற்க முடியவில்லை. காப்பு என்பது மட்காட்டுக்கு உரிய பெயர். சைக்கிளிலும் பைக்கிலும் சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கிறதே, அதுதான் மட்காடு. காரில் அந்த வேலையைச் செய்யும் தகட்டை மெக்கானிக்குகள் பெண்டர் என்பார்கள். அது வண்டி உடம்பின் பகுதி. சேற்றுமடல் அதன்மேல் பின்னால் மாட்டுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ‘சேற்றுக்காப்பில் துளை போடாதீர்கள்’ என்று எழுதினால் எதில் போடக் கூடாது? ரப்பரில் துளை போட்டால் ஒரு கேடும் இல்லை. தகட்டில் போட்டால் பெயிண்ட் உடைந்து, ஈரம் ஏறி, ஓரிரு மழைக்காலத்தில் துரு அரிக்கத் தொடங்கும். எச்சரிக்கையே விளங்காமல் போகும் கலைச்சொல்லால் யாருக்கு என்ன பயன்? ‘தடுப்பான்’ சொல்லுக்கும் இதே குறைதான்: பொருளின் வேலையைச் சொல்கிறது, உருவத்தைச் சொல்லவில்லை. மட்காடும் தடுக்கிறது, மட்பிளாப்பும் தடுக்கிறது. எது வளைந்து மூடுகிறது, எது தொங்குகிறது என்பதுதானே கடைக்காரருக்கு வேண்டும்?

இனி அந்தத் தொடரின் முன்பாதி. ‘ஆஃப்டர்மார்க்கெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போட்ட ‘சந்தைக்குப் பிந்தைய’ என்பது வாரச்சந்தை கலைந்த பிறகு என்று பொருள்படுமே தவிர, கார் கம்பெனி தராமல் வெளியே வாங்கி மாட்டும் பாகம் என்ற பொருளைத் தரவே தராது. “அண்ணாச்சி, கம்பெனி பீஸா, வெளி பீஸா?” என்று மெக்கானிக் கேட்பார். ஒரே கேள்வியில் விஷயம் முடிந்தது. எழுத்துக்கு வேண்டுமானால் ‘வெளிக்கடைச் சேற்றுமடல்’ என்று போடலாம். ‘நிறுவுதல்’ சிலைக்கும் அறக்கட்டளைக்கும் உரியது. இதைப் பொருத்துகிறோம், மாட்டுகிறோம். ‘உலகளாவிய பொருத்தம்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதன் கருத்து, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பதே. அதில் உலகம் எங்கே வந்தது?

இவற்றைவிட மோசமானதை ஒரு செய்முறைத் தாளில் கண்டேன். ‘ஸ்டீயரிங்கை முழுமையாகப் பூட்டவும்’ என்று இருந்தது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் போகிற மட்டும் திரும்பி நிற்பதை ஆங்கிலத்தில் லாக் என்பார்கள். அதைப் பூட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் நாள்தோறும் சொல்லும் சொல் ‘ஒடி’. வலது பக்கம் ஒடி, முழுசா ஒடி. சாவியை உருவிப் பூட்டுவது நேர் எதிரான வேலை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தத் தாளை நம்பினால் அவர் வேலை முதல் வரியிலேயே நின்றுவிடும். மொழிபெயர்க்கிறவர் ஒரு மணி நேரம் பட்டறையில் நின்று கேட்டிருக்க வேண்டாமா?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை கேரளப் பக்கத்தோடு இருந்த ஊர். புனலூர், தென்மலையிலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்களுக்குச் ‘சேற்றுமடல்’ அந்நியமும் அல்ல. மலையாளத்திலும் சேறு உண்டு. தென்னை மட்டைக்கு அவர்கள் சொல்வதே மடல். ‘மண் மடிப்பு’ என்ற சேர்க்கைக்கு மலையின் எந்தப் பக்கத்திலும் ஆள் கிடையாது. அதைச் சொல்வதைவிட மட்பிளாப் என்று கடன் வாங்கியே பேசிவிடலாம், விளங்கவாவது செய்யும். தமிழில் எழுதுவதென்று முடிவு செய்தால் விளங்கும் தமிழில் எழுத வேண்டும்.

அந்தத் தாளை எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

‘முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வையுங்கள், கை நுழைய இடம் கிடைக்கும். சக்கரத்தின் மேல் இருக்கும் உள்ளுறையில் (லைனரில்) ஏற்கெனவே உள்ள திருகுகளைக் கழற்றுங்கள். சேற்றுமடலை வைத்து அதன் துளைகளை அந்தத் துளைகளுக்கு நேராகப் பிடித்து, திருகுகளை முதலில் தளர்வாக ஏற்றுங்கள். எல்லாம் ஏறிய பின் இறுக்குங்கள். பெண்டர் தகட்டில் புதுத் துளை போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் துளையின் விளிம்பில் துருத்தடுப்புப் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு திருகுங்கள். மடலின் கீழ்விளிம்பு தரையைத் தொடக் கூடாது. கடைசியாக ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயர் மடலில் உரசினால் திருகைத் தளர்த்தி மடலைப் பின்னால் தள்ளி மாட்டுங்கள்.’