வாசிக்கத் திணறும் பிள்ளை: வன்னிப் பெற்றோர் எங்கே போவது, என்ன கேட்பது

தரம் 4இல் ஒரு பிள்ளை. கேட்ட கதையை ஒரு விவரமும் விடாமல் திருப்பிச் சொல்கிறது. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைச் சரியாக எண்ணிக்கொண்டு வருகிறது. புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னால் மட்டும் தொண்டை அடைத்துப்போகிறது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கும் விளக்கம், 'இது போரால் பாதிக்கப்பட்ட பிரதேசம்தானே' என்பது. இன்று தரம் 4இல் இருக்கும் பிள்ளை 2009க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. தாய் தகப்பனின் படிப்பு இடம்பெயர்வில் குலைந்தது உண்மை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததும் உண்மை. ஆனால் அதே வகுப்பில், அதே நிலைமையில் வளர்ந்த மற்றப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்றால், இந்தப் பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணங்களில் ஒன்று டிஸ்லெக்சியா. பேச்சின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்துவதில் மூளைக்கு ஏற்படும் சிரமம் இது. பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். அறிவுக் குறைவோ சோம்பலோ இதற்குக் காரணமில்லை. கண்ணில் உள்ள கோளாறும் அல்ல. மாத்திரையால் மாறுவதும் இல்லை. முறையாகக் கற்பித்தால்தான் முன்னேற்றம் வரும்.

தமிழில் இது எப்படித் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தைப் போலத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் அவ்வளவு இழுபறி இல்லை. ஆகவே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகள் போராடி எழுத்துகளைக் கற்றுக்கொண்டுவிடலாம். பிழை குறையும், வேகம் வராது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே இருக்கும், வரி முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும். 'கொக்கு' என்ற சொல்லின் முதல் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில், அரவு பின்னால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்குவதில் பிள்ளை நின்றுவிடும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அது நம் எல்லோருக்கும் உண்டு.

கொப்பியைப் பாருங்கள். பலகையில் இருந்து பார்த்து எழுதிய பக்கம் அழகாக இருக்கும். சொல்வதெழுதலில் 'பள்ளிக்கூடம்' ஒரு வரியில் 'பளிகுடம்', அடுத்த வரியில் 'பள்கூம்' என்று இருக்கும். வாசிப்புப் பாடத்தை ஒப்புவிக்கும்போது விரலால் வரியை மறைத்துப் பாருங்கள். பிள்ளை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால், அது வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித் தரம் 3 வரை தப்பித்துவிடுவார்கள். வகுப்பேற்றம் தடையின்றி நடப்பதால், தரம் 6இல் வரலாறும் விஞ்ஞானமும் வந்த பிறகுதான் விடயம் வெளியே வரும்.

முதலில் செய்ய வேண்டியது கண்ணையும் காதையும் பார்ப்பது. சுகாதாரத் திணைக்களத்தின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இதற்கு உதவும். 200க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளில் எல்லாத் தரங்களுக்கும், பெரிய பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆகிய தரங்களுக்கும் அது நடக்க வேண்டும். உட்கிராமப் பாடசாலைகள் பல முதல் வகைக்குள் வருபவை. அந்த நாளில் பிள்ளை வரவில்லை என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டலாம்.

அடுத்தது வகுப்பாசிரியர். வாய்ப்பேச்சோடு நிற்காமல், பிள்ளையின் வாசிப்பில் கவனித்தவற்றைத் திகதியோடு எழுதித் தருமாறு கேளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. தனிக் கவனம் எடுத்துக் கற்பித்தும் குறைந்தது ஆறு மாதமாகச் சிரமம் நீடிப்பது, உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் நிர்ணய அளவுகோல்களில் ஒன்று. ஆசிரியரின் குறிப்பு இல்லாமல் எந்த மருத்துவரும் அதை அறிய முடியாது. அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரிக்கும் கடிதம் போக வேண்டும். துணுக்காயோ மடுவோ வவுனியா வடக்கோ, எந்த வலயமானாலும் வழி இதுதான்.

மருத்துவ மதிப்பீட்டுக்கு மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை மருத்துவ அல்லது உளநலக் கிளினிக்கில் தொடங்குங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து தேவைப்பட்டால் பேச்சுச் சிகிச்சையாளரிடமோ, வேறு பெரிய வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். மாங்குளத்துக்கு அப்பால் இருந்து பஸ் ஏறுபவர்களுக்கு இது ஒரு நாள் கூலியை விழுங்கும் பயணம். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள்: மொழிக் கொப்பிகள், ஆசிரியரின் குறிப்பு, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, பார்வை, செவிப்புலன் பரிசோதனை முடிவுகள் எல்லாம் பையில் இருக்கட்டும்.

மதிப்பீடு என்பது அரைமணி நேரக் கேள்வித்தாள் அல்ல. பிள்ளையின் பொது ஆற்றல், தமிழ் வாசிப்பின் வேகமும் பிழையும், எழுத்து, பேச்சு வளர்ச்சி, பாடசாலைக்கு ஒழுங்காக வந்ததா என்ற விவரம், குடும்ப வரலாறு எல்லாம் அதில் அடங்கும். வீட்டில் தமிழ் பேசித் தமிழில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலச் சொற்பட்டியலால் அளந்து முடிவு சொன்னால் ஏற்க வேண்டாம்.

இனி உரிமைகள். 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. 'இந்தப் பிள்ளை படிக்காது, நிறுத்திவிடுங்கள்' என்று சொல்ல எந்தப் பாடசாலைக்கும் அதிகாரம் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலதுகுறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதிப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் டிஸ்லெக்சியாவை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதன் வரைவிலக்கணமும் அன்றாட வாழ்வைத் தானே கொண்டுநடத்த இயலாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போவதைவிட மருத்துவ அறிக்கையோடு அதிபரிடம் பேசுவதே பலன் தரும்.

விசேட கல்வி அலகுக்கு மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வாசிப்பில் மட்டும் சிரமம் உள்ள பிள்ளையின் இடம் சாதாரண வகுப்பு. வாய்மொழியாகப் பதில் சொல்ல விடுவது, பலகையில் உள்ளதை எழுதக் கூடுதல் நேரம் கொடுப்பது, எல்லோர் முன்னும் உரத்து வாசிக்கக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது: இவற்றுக்கு அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. 'மொக்கு' என்று அழைப்பதை நிறுத்தவும் இவை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ரியூசன் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாலும், அங்கேயும் அதே வேகத்தில் அதே பாடம் நடந்தால் காசுதான் நட்டம்.

பரீட்சைகளுக்கு மட்டும் அறிக்கை அவசியம். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. கோரிக்கை அதிபர் ஊடாக, மருத்துவச் சான்றுகளோடு, முன்கூட்டியே போக வேண்டும். பரீட்சை மண்டபத்தில் வந்து கேட்டால் கிடைக்காது. தரம் 5 புலமைப்பரிசில் கட்டாயமான பரீட்சை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். க.பொ.த. சாதாரண தரம் அப்படியல்ல. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கிய பிறகு கிளினிக் தேடினால் பிந்திவிடும். தரம் 9இலேயே அறிக்கையைப் பெற்றுவிடுங்கள். மூலப் பிரதியை எந்தப் பணிமனையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நிழற்பிரதியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.