சொல் விளக்கம்: பிளசீபோ என்கிற மருந்துப்போலி

என் அம்மம்மாவுக்கு ஊசி போடுகிற டொக்டர்தான் டொக்டர். போடாதவரைப் பற்றிக் கேட்டால், "படிச்சுப் போட்டு வந்து என்ன பிரயோசனம்?" என்பா. சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை நகரத்துக்கு வந்து, டிஸ்பென்சரி வாசலில் வெறும் போத்தலோடு காத்திருந்து, சிவப்பு மிக்சர் வாங்கிக்கொண்டு போனால்தான் அவவுக்கு முழங்கால் நோ இறங்கும். வேறிடத்தில் தரும் குளிசை கேட்காது. மிக்சர்காரருக்குக் கைராசியாம்.

அந்தக் கைராசியில் ஒரு பங்கை அளந்து பார்த்தவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பிளசீபோ விளைவு. உள்ளே மருந்தே இல்லாத சீனிக் குளிசை, உப்புத் தண்ணீர் ஊசி போன்றவைதான் பிளசீபோ. அதை வாங்கியவருக்குச் சுகம் தெரிந்தால் அது அதன் விளைவு.

சொல் லத்தீன். பொருள், 'நான் பிரியப்படுத்துவேன்'. மருத்துவத்துக்கு வருமுன் அது செத்த வீட்டில் இருந்தது. இறந்தவருக்காகக் கத்தோலிக்கர் பாடிய மாலைச் செபம், சங்கீதப் புத்தகத்தின் ஒரு வரியோடு தொடங்கும். அந்த வரியின் முதற்சொல் பிளசீபோ. வேடிக்கை என்னவென்றால், எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் 'நடப்பேன்' என்றுதான் இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தின் 116ஆம் சங்கீதத்தைப் புரட்டினாலும் 'நடப்பேன்'தான். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் 'பிரியப்படுத்துவேன்' ஆக்க, லத்தீன் அதன் வழியே போனது.

சாப்பாட்டுக்கும் காசுக்கும் இழவு வீட்டில் வந்து நின்று இந்தச் செபத்தைப் பாடியவர்களை ஐரோப்பாவில் 'பிளசீபோ பாடுகிறவர்கள்' என்று நக்கலடித்தார்கள். கூலிக்கு மாரடிப்பது என்கிறோமே, அதேதான். பிறகு முகத்துதிக்காரனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1811இல் வெளிவந்த ஓர் ஆங்கில மருத்துவ அகராதி, நோயாளிக்குப் பலன் தருவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே கொடுக்கப்படும் மருந்து என்று இதற்குப் பொருள் எழுதியது. இன்றைய பொருளுக்கு அது கிட்டத்தட்ட வந்துவிட்டது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'போலி மருந்து' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. போலி மருந்து என்றால் கள்ளச் சரக்கு, பொலிஸ் விவகாரம். வழக்கில் உள்ள நல்ல சொல் 'மருந்துப்போலி'. முன்னது பின்னாகப் போனதில் பொருளே மாறிவிட்டது, பாருங்கள்.

எனக்கு இந்தச் சொல் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், பள்ளியில் படித்த இலக்கணம். 'போல்' என்பதிலிருந்து வந்த போலிக்கு அங்கே கள்ளத்தனம் கிடையாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. பந்தல், பந்தர். ஐந்து, அஞ்சு. மீன் சந்தையில் 'அஞ்சு' என்று சொன்னாலும் கணக்குக் கொப்பியில் 'ஐந்து' என்று எழுதினாலும் காசு ஒன்றுதான். மருந்தின் இடத்தில் மருந்தல்லாத ஒன்று வந்து நின்று, சுகம் மட்டும் மாறாமல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் லத்தீனிலும் இல்லை என்பேன்.

அந்தச் சுகம் வெறும் பாவனையா? 1978இல் அமெரிக்காவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் சோதித்தார்கள். மருந்துப்போலியால் நோ குறைந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நலொக்சோன் கொடுத்ததும் நோ திரும்பக் கூடியது. உடம்பே தன் வலிநிவாரணியைச் சுரந்திருந்தது என்றுதான் அதற்கு விளக்கம் சொன்னார்கள். கைராசிக்கும் கணக்கு உண்டு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடல் கோளாறுக்காரருக்கு ஊசி உள்ளே போகாத பாவனை அக்குபங்சர் செய்தார்கள். அதிகம் பேசாமல் செய்தபோது 44 சதவீதத்தினர் போதிய ஆறுதல் கிடைத்ததாகச் சொன்னார்கள். ஆறஅமர இருந்து அன்பாக விசாரித்துச் செய்தபோது அது 62 ஆனது. அம்மம்மாவின் மிக்சர்காரர் முழங்காலைத் தொடுவதற்கு முதல் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பார்.

ஆனால் எழுத்துப்போலிக்கும் மருந்துப்போலிக்கும் ஓரிடத்தில் பொருத்தம் முறிகிறது. 2011இல் முட்டு வருத்தக்காரரிடம் உண்மையான இன்ஹேலரையும் வெறும் இன்ஹேலரையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுகம் என்றார்கள் நோயாளிகள். மூச்சை அளந்த கருவி வேறு கதை சொன்னது: மருந்தில் 20 சதவீத முன்னேற்றம், போலியில் ஏறக்குறைய 7; ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் அதே 7. சுகம் தெரிகிறது என்பதற்காக இன்ஹேலரைத் தூக்கி வைக்கிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இதன் எதிர்ச்சொல் நோசிபோ, 'நான் தீங்கு செய்வேன்'. அம்மம்மாவுக்குப் புதுக் குளிசை வந்த அன்று, தம்பி பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து "வயித்தைப் பிரட்டலாம்" என்று உரக்க வாசித்தான். குளிசை இன்னும் உள்ளங்கையில்தான் இருக்கிறது, அவ வாளி கொண்டுவரச் சொன்னா. மருந்தில்லாமல் சுகம் தருவது மருந்துப்போலி என்றால், நஞ்சில்லாமல் வருத்துவது 'நஞ்சுப்போலி'. நான் அப்படித்தான் எழுதுகிறேன். நாவூறு என்று சொன்னால் போதாதா என்று அம்மம்மா கேட்கிறா.