முதல்ல பார்க்கட்டும், அப்புறம் வரையட்டும்

ஆறாம் வகுப்பில் போய் "பிடிச்சதை வரைங்க" என்றால் நாற்பது நோட்டிலும் ஒரே படம்தான் வருகிறது. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, குடிசை, பக்கத்தில் தென்னை. எங்கள் ஊர் காவிரிக் கடைமடை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலையே கிடையாது. யாரோ எப்போதோ 'சீனரி' என்று சொல்லிக்கொடுத்தது, கையில் அப்படியே தங்கிவிட்டது.

ஓவிய ஆசிரியராக என் கவலை இதுதான். கை பழகிய அளவுக்குக் கண் பழகவில்லை.

ஒரு நாள் மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபச் சிற்பத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். பத்து நிமிஷம் பேச்சும் இல்லை, பென்சிலும் இல்லை. பிறகு, "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். ("அழகா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் போட்டுவிடுவார்கள்.) "மாடு சார்", "ஒருத்தர் பால் கறக்கிறார் சார்" என்றார்கள். கடைசி பெஞ்சில் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண் எழுந்தாள். "கறக்கும்போதே கன்னை நக்குது சார். எங்க மாடும் அப்படித்தான், கன்னு பக்கத்துல இல்லேன்னா பால் விடாது."

1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்லவச் சிற்பி தொழுவத்தில் நின்று பார்த்ததை அவளும் பார்த்திருக்கிறாள். அதன் பிறகுதான் மற்ற பிள்ளைகள் அந்தக் கழுத்து வளைவைக் கவனித்தார்கள். அழகியல் பாடம் அங்கே தொடங்கிவிட்டது.

அடுத்த வாரம் இலை பொறுக்கிவரச் சொன்னேன். வேப்பங்கொழுந்து, கறிவேப்பிலை, வாழைக்குருத்து. கிரேயான் டப்பாவில் பச்சை இரண்டுதான், மேசைமேல் கிடந்ததோ பத்துக்கு மேல். ஒரு பையன் மஞ்சளில் துளித்துளியாக நீலம் குழைத்து வாழைக்குருத்தின் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தான். மணி அடித்ததே அவனுக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பரீட்சை நெருங்கினால் ஓவிய பீரியடைக் கணக்குக்குக் கடன் கேட்கும் சக ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த ஒரு பீரியடை விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் காட்டினால் "இது என்ன, யானையா?" என்று கேட்க வேண்டாம். "இங்க ஏன் சிவப்பு வெச்ச?" என்று கேளுங்கள், அவர்களே நிறையச் சொல்வார்கள். போட்டிக்கு அனுப்பும் படத்தை நீங்கள் உட்கார்ந்து திருத்தாதீர்கள். கோணலாக இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள்.