கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? பிரேக் ஆயில் பாட்டிலைக் கீழே வையுங்கள்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போதுதான் பலருக்குத் தங்கள் வண்டியின் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியவருகிறது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் ஓட்டும்வரை எல்லாம் சரியாக இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் நகராது. ஏலத் தோட்டத்துக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்களும், ஐயப்ப சீசன் நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே மலை ஏறுகிறவர்களும் இந்தப் புகாரோடுதான் கம்பத்தில் என் பட்டறைக்கு வருகிறார்கள்.

கேபிள் கிளட்ச் வண்டி என்றால் பாதிப் பிரச்சினை லீவரிலேயே தெரிந்துவிடும். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். "லூசா இருந்தா பிடிக்கல" என்று சிலர் கேபிளை முறுக்கி இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கையை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தும் அந்த ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அதிகக் குழப்பம் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகளில்தான், அதாவது கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்ச் இயங்கும் வண்டிகளில். பெரிய பைக்குகள் மூணாறு, தேக்கடி பக்கம் நிறைய வர ஆரம்பித்த பிறகு இதை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்லிப் ஆனதும் ஃப்ளூயிட் குறைந்திருக்கும் என்று நினைத்து, கிளட்ச் லீவர் பக்கம் இருக்கும் ஃப்ளூயிட் டப்பாவைத் திறந்து பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். இது தவறு. வண்டிக்குக் கெடுதலும்கூட.

கிளட்ச் பிளேட்டுகளை எப்போதும் அழுத்திப் பிடித்திருப்பது ஸ்பிரிங். ஃப்ளூயிடின் வேலை, நாம் லீவரைப் பிடிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துவது மட்டும்தான். ஃப்ளூயிட் குறைந்தாலோ லைனில் காற்று புகுந்தாலோ கிளட்ச் சரியாக விடாது. கியர் கடினமாக விழும், நியூட்ரல் கிடைக்காது, சிக்னலில் லீவரைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் ஊரும். ஸ்லிப் அதற்கு நேர் எதிரான நோய். அதில் விடுவது நடக்கிறது, பிடிப்பதுதான் நடக்கவில்லை. அதனால் ஃப்ளூயிட் ஊற்றி ஸ்லிப்பைச் சரிசெய்ய வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிரேக்கில் பேட் தேய்ந்தால் டப்பாவில் மட்டம் இறங்கும். கிளட்சில் பிளேட் தேய்ந்தால் மட்டம் ஏறும். தேய்மானத்தால் பிளேட்டுகளை அழுத்தும் பிரஷர் பிளேட் உள்ளே நகர, அதோடு சேர்ந்த புஷ் ராட் (தள்ளு கம்பி), இன்ஜின் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், ஃப்ளூயிட் மேலே டப்பாவுக்குத் திரும்பும். கிளட்ச் டப்பாவில் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். முன் ஸ்பிராக்கெட் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும் வண்டிகளில் செயின் கிரீஸும் சேறும் அதன்மேல் அப்பிக்கொள்ளும். கசிவு வெளியே தெரியவே தெரியாது. கவரைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நெடுங்கண்டத்திலிருந்து ஒரு தம்பி மழைக்காலத்தில் வண்டியை இறக்கிக் கொண்டுவந்தார். "அண்ணே, ஆயில் குறைஞ்சிருக்கும்னு நானே ஊத்துனேன், இப்ப ரொம்ப மோசமாயிருச்சு" என்றார். காலையில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் ஸ்லிப் ஆகிறது. டப்பா விளிம்பு வரை நிரம்பியிருந்தது. சூடாக்கி, ஸ்லிப் ஆகும் நிலையில் ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடிங் நிப்பிளில் (ஃப்ளூயிடையும் காற்றையும் வெளியேற்றும் திருகில்) ட்யூப் மாட்டி, ஸ்பேனரால் கால் சுற்றுத் திருப்பினேன். லீவரைத் தொடாமலேயே ஃப்ளூயிட் பீச்சியது. நிப்பிளை மூடி ஓட்டினால் ஸ்லிப் இல்லை. கோளாறு பிளேட்டில் இல்லை, லைனில் சிக்கிய அழுத்தத்தில் இருக்கிறது என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. நிப்பிளைத் திறந்தும் ஸ்லிப் போகாவிட்டால், இன்ஜின் பக்கம் கவரைத் திறக்க வேண்டியதுதான்.

லீவரோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரில், டப்பாவின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். லீவரை விட்டதும், சூட்டில் விரிந்த ஃப்ளூயிட் அதன் வழியாகத்தான் மேலே திரும்பும். அவர் வண்டியில் ஃப்ளூயிட் பழைய டீ டிகாக்‌ஷன் போலக் கறுத்து, கசடு அந்தத் துளையை அடைத்திருந்தது. மெல்லிய கம்பி இழையால், துளையைப் பெரிதாக்காமல் அடைப்பை எடுத்தேன். சீல்களைப் பார்த்து, லைனை முழுக்கக் கழுவி, மட்டக் கோடு வரை மட்டும் புது ஃப்ளூயிட் விட்டேன். பிளேட்டை அளந்தபோது அளவுக்குள்தான் இருந்தது. வெளியில் வாங்கி மாட்டும் குட்டை லீவர்களும் இதே கோளாறைக் கொண்டுவரும். லீவரின் முனை பிஸ்டனைச் சற்றே அழுத்தி நின்றாலும் அந்தத் துளை மூடிவிடும்.

எந்த ஃப்ளூயிட் என்பதை டப்பா மூடியில் படித்துவிட்டே ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு). மகுரா நிறுவனத்தின் ஹைட்ராலிக் சிஸ்டம் உள்ள பல வண்டிகளில் மினரல் ஆயில்தான் போட வேண்டும். மாற்றி ஊற்றினால் சீல் ரப்பர் ஊதிப்போகும், பிஸ்டன் திரும்பாது, மறுபடியும் ஸ்லிப்தான். டாட் 5 சிலிக்கான் வகை, அதை டாட் 4-உடன் கலக்கவே கூடாது. டாட் 4 காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை உள்ள அது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரிக்கே இறங்கலாம். இடுக்கி மழையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். திறந்து வைத்த பழைய பாட்டில் வேண்டாம்.

லைனில் கோளாறு இல்லையென்றால் அடுத்து இன்ஜின் ஆயிலைக் கேளுங்கள். நம் பைக்குகளில் கிளட்ச் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பாட்டிலில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி ஸ்கூட்டருக்கானது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், பிளேட் அதில் வழுக்கும். உடனே வடித்து மாற்றினால் சில வண்டிகள் தேறிவிடும்.

பிளேட் மாற்றும்போது பலர் விட்டுவிடுவது ஸ்டீல் பிளேட்டுகளை. கண்ணாடிமேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள், நெளிந்திருந்தால் புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டும் சீக்கிரம் கருகும். ஸ்பிரிங் நீளத்தையும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்து, போல்ட்டுகளைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

மலை நடுவில் ஸ்லிப் ஆனால் மேலும் மேலும் முறுக்காதீர்கள், பிளேட் கருகிவிடும். ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். திரும்பி இறங்குவதானால் பின்னால் இருப்பவரையும் மூட்டையையும் வேறு வண்டியில் ஏற்றிவிடுங்கள். வழுக்கும் கிளட்சில் இன்ஜின் பிரேக்கிங் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) முழுதாகக் கிடைக்காது. பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, அடிக்கடி நிறுத்தி இறங்குங்கள்.