மூளைப் படத்தில் ஒளிர்வது எது?

மூளைக் கட்டி அறுவைச் சிகிச்சைக்கு முன்பாகத் தம் தாயாருக்குப் பினாங்கில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, வலக்கை விரல்களை மடக்கி நீட்டச் சொன்னதாகவும், படத்தில் மூளையின் இடப்பக்கம் ஓரிடம் செந்நிறமாகத் தெரிந்ததாகவும் எழுதியுள்ள பட்டர்வொர்த் வாசகர், அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்.

எம்.ஆர்.ஐ.யின் அடிப்படை இதுதான். உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தப்புலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 12.8 கோடி முறை சுழல்கின்றன. வானொலி அலை பட்டதும் ஒரே தாளத்தில் சுழன்று சமிக்ஞை தருகின்றன. தாளம் கலைந்தால் சமிக்ஞை மங்குகிறது.

அந்தத் தாளத்தைக் கலைப்பது எது என்பதில்தான் அழகு இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களில் இரும்பைக் கொண்ட புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை என்றும், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைச் சிறிதளவு ஈர்க்கிறது என்றும் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936-இல் கண்டறிந்தனர். இரும்பு அதே இரும்புதான். ஆனால் ஆக்சிஜன் ஒட்டியதும், காந்த ஈர்ப்புக்குக் காரணமான இணை சேராத எலக்ட்ரான் எதுவும் எஞ்சுவதில்லை. ஆக்சிஜன் இழந்த இரத்தம் ஓடும் நாளங்களைச் சுற்றிக் காந்தப்புலம் சற்றே பிறழ்வதால், அங்குள்ள நீரின் தாளம் விரைவில் கலைந்து படம் கருக்கிறது என்பதை 1990-இல் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையில் காட்டினார்.

இரத்தத்திலுள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று சொல்லி இரவுச் சந்தைகளில் காந்தக் காப்பு விற்கிறார்கள். 3 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்திருப்பவரின் இரத்தவோட்டமே மாறாதபோது, கைக்காப்பை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது பேராபத்து என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

படத்துக்குத் திரும்புவோம். ஆக்சிஜன் இழந்த இரத்தம் படத்தைக் கருக்கச் செய்கிறது என்றால், உழைக்கும் மூளைப்பகுதி ஆக்சிஜனைச் செலவழித்துக் கருக்க வேண்டுமல்லவா? நடப்பது நேர்மாறு. விரல்களைத் தூண்டினால் உரிய பகுதிக்கு இரத்தவோட்டம் சுமார் 30 விழுக்காடு கூடுகிறது, ஆக்சிஜன் பயன்பாடோ 5 விழுக்காடே கூடுகிறது என்று பீட்டர் ஃபாக்ஸும் மார்க்கஸ் ரெய்க்கிளும் 1986-இல் அளந்து காட்டினர். தேவைக்கு மிஞ்சிப் பாயும் புது இரத்தம் பழையதை அடித்துச் செல்வதால் தாளம் கூடுதல் நேரம் நிலைக்கிறது, சமிக்ஞை உயர்கிறது. அவ்வுயர்வு சில விழுக்காடே என்பதால், அசைவையும் ஓய்வையும் மாறி மாறிப் பலமுறை படமெடுத்து ஒப்பிட்ட பிறகு கணினி தீட்டுவதுதான் அந்தச் செந்நிறம். இரத்தவோட்டம் உச்சத்தைத் தொட 5 அல்லது 6 நொடிகள் ஆவதால், கணத்தில் தோன்றி மறையும் எண்ணம் அதில் தெரியாது.

வந்த ஆக்சிஜன் முழுவதும் செலவாகவில்லை என்றால், மூளையின் எரிபொருளான குளுக்கோஸ் என்ன ஆகிறது? நீரின் சமிக்ஞையை அடக்கிவிட்டால், அதே கருவியில் மற்ற மூலக்கூறுகளின் மெல்லிய சமிக்ஞைகளைப் பிரித்தறியலாம். ஒவ்வொன்றும் தன் எலக்ட்ரான் சூழலுக்கேற்பச் சற்றே வேறான அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. ஒளியைக் காட்டித் தூண்டும்போது மூளையின் பார்வைப் பகுதியில், குளுக்கோஸ் ஆக்சிஜன் இன்றி உடையும்போது உண்டாகும் லாக்டேட் உயர்வதை 1991-இல் இம்முறையில் கண்டார்கள். குளுக்கோஸில் ஒரு பங்கு ஆக்சிஜன் இன்றியே உடைகிறது என்பதற்கு அது சான்று. அந்த லாக்டேட் வெறும் கழிவா, நரம்பணுக்களுக்கு எரிபொருளா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயாளிகளுக்கே நேரம் போதாத கருவிகளில் இத்தகைய ஆய்வுக்கு இடம் கிடைப்பது அரிது. நம் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்கென்றே தனிக் கருவியும் அதற்குரிய நிதியும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.