சவ்வூடு பரவல்

ஆஸ்மோசிஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தரும் சொல் சவ்வூடு பரவல். பிரித்தாலே பொருள் தெரிகிற சொல். ஆனால் சவ்வின் ஊடாக எது பரவினாலும் இதே பெயர்தான் என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். உப்பு, ஆக்சிஜன், யூரியா எதுவும் இதில் சேராது. கரைப்பான் மட்டும், அதாவது உயிரணுவில் தண்ணீர் மட்டும், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டிப் போவதுதான் சவ்வூடு பரவல். மற்றவை வெறும் பரவல், அதாவது டிஃப்யூஷன். உயிரணு ஆற்றல் செலவிடாததால் இரண்டுமே ஆற்றல் சாராக் கடத்தல்.

கிரேக்கத்தில் ஓஸ்மோஸ் என்றால் தள்ளுதல். 1748இல் பிரான்சின் இயற்பியலாளர் நொலே, சாராயம் நிரப்பிய குடுவையின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் உள்ளே புகுந்து சவ்வு புடைத்தது. டிஃப்யூஷனை இயற்பியல் நூல்கள் விரவல் என்கின்றன. விரவுதல் கலந்து நிற்பதைக் குறிப்பது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்வதைச் சொல்லப் பரவலே பொருத்தம். பாக் நீரிணைக்கு அக்கரையில், இலங்கைப் பாடநூல்களில், ஆஸ்மோசிஸ் பிரசாரணம் ஆகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைப் பாம்பனிலோ மண்டபத்திலோ கருவாட்டுத் தொட்டியில் பார்க்கலாம். பெரிய மீனைக் கீறி, குடல் நீக்கி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்கினால், சில மணி நேரத்தில் மீன் தண்ணீர் விடும். அது சவ்வூடு பரவல். சதைக்குள் உப்பு ஏறுகிறதே, அது பரவல். உயிருள்ள அணுவின் கொழுப்புச் சவ்வு மின்னூட்டமுள்ள சோடியத்தை எளிதில் விடாது. மீன் செத்தபின் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது.

பரவலின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவற்றில் சதையின் தடிமன்தான் முதன்மை. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். சிறு மூலக்கூறு ஒன்று தண்ணீரில் ஓர் உயிரணுவின் அகலத்தை, சுமார் 10 மைக்ரோமீட்டரை, நொடியின் சிறு பங்கில் கடக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். சீலா மீனைக் கீறாமல் போட்டால் மேலே உப்பு பிடித்தும் முள்ளோரம் நாறுவது இதனால்தான். கீறல் தூரத்தைக் குறைக்கிறது, பரப்பைக் கூட்டுகிறது. கொழுப்பு மீனில் உப்பு மெதுவாகத்தான் ஏறும். செறிவு வேறுபாடு கூடினால் வேகம் கூடும் என்று பொடியுப்பைக் கொட்டுவதும் தவறு: மேற்சதை சட்டென்று நீரிழந்து, புரதம் இறுகி, உள்ளே உப்பு போக வழியடைத்துவிடும். கல்லுப்பு மெல்லக் கரைவதால் அந்தக் கேடு குறைவு. வெப்பம் பரவலை விரைவாக்கும். ஆனால் பாக்டீரியாவையும் விரைவாக்கும். அதனால் தொட்டிக்கு நிழல் வேண்டும்.

உயிரணுச் சவ்வில் இவற்றோடு மூலக்கூறின் அளவும் கொழுப்பில் கரையும் தன்மையும் சேரும். ஆக்சிஜன் நேரே நுழையும். குளுக்கோஸுக்குப் புரதத் துணை வேண்டும். தண்ணீருக்கும் தனிக் கால்வாய்ப் புரதம் உண்டு: அக்குவாபோரின். அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. முறைக்குப் பெயர் எதிர் சவ்வூடு பரவல். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது நன்னீர் சவ்வைத் தாண்டி அதற்குள் புகாமல் தடுக்க வேண்டிய அழுத்தம், ஏறத்தாழ 27 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). அதைவிடக் கூடுதலாக, வழக்கமாக 55 முதல் 70 பார் வரை, பம்ப் தள்ளினால்தான் நன்னீர் பிரியும். பெயரில் சவ்வூடு பரவல் இருந்தாலும் இதை ஆற்றல் சாராக் கடத்தலில் சேர்க்கக்கூடாது.